அக்கா வெளுத்துக் கொடுத்த மஞ்சள் கழிவு

என் அக்காவின் கைகளைப் பார்த்தால் யாரும் முகம் சுளிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சலவை சோடாத் தண்ணீரில் ஊறிய கைகள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. பட்டு நூல் எடுக்கும் எங்கள் ஆலையில், நூலாக வராமல் மிஞ்சும் கழிவெல்லாம் அவளிடம்தான் போகும். பசை போகக் கொதிக்க வைத்து, அலசி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, வெள்ளை வெளேரென்று மூட்டை கட்டுவாள். ஓர் இழை மஞ்சள் தெரிந்தாலும் வாங்க வருகிறவன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அதனால் மஞ்சளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "சனியனே, மறுபடி வந்துட்டியா?" என்று திட்டிக்கொண்டேதான் துவைப்பாள்.

வாய் கொஞ்சம் நீளம். கழிவு சரியாக வெளுக்கவில்லை என்று குறை சொன்ன சூப்பர்வைசரிடம், "உங்க சட்டைக் காலரைக் கழட்டிக் குடுங்க சார், முதல்ல அதை வெளுத்துத் தர்றேன்" என்றாள். மனிதர் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

அதே ஆலையின் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மேனேஜரிடம் நாலு நடை நடந்து அதை வாங்கிக் கொடுத்தவள் அக்காதான். மஞ்சள் பட்டுப்புழுக் கூடுகளின் கழிவிலிருந்து நிறமியைப் பிரித்தெடுக்கிறேன். புழு தின்ற இலையிலிருந்து பட்டுக்கு ஏறுகிற நிறம் அது. நல்ல ஆன்டி ஆக்ஸிடன்ட். முகத்துக்குப் பூசும் கிரீமில் கலந்தால் சீக்கிரம் கெட்டுப்போகாது. கிரீம் கம்பெனிக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் நிறமிக்கென்று தனி அறை, கழிவைத் தரம் பிரிக்க ஓர் ஆள். "உங்க அக்காவையே போட்டுடலாம்" என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார். சோடா இல்லை, கொதிதண்ணீர் இல்லை.

"உக்கார்ந்து செய்யற வேலையாடா? நாற்காலி போடுவாங்களா?" என்று அக்கா மூன்று தடவை கேட்டாள்.

மஞ்சள் கூடு எப்போதாவதுதான் வரும். அந்த வாரம் பன்னிரண்டு கிலோ கழிவு சேர்ந்தது. "அக்கா, மஞ்சள் கழிவை எனக்குன்னு தனியா எடுத்து வை. வெள்ளிக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்க, நல்லா பார்த்துக்கோ" என்றேன்.

"எதுக்குடா அது?"

"சொன்னா உனக்குப் புரியாது, விடு."

படித்த திமிர், வேறென்ன. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "எப்பவும் ஒரு தடவைதான் சோடா. உனக்காக ரெண்டு தடவை போட்டேன்டா. மூணு நாள் வெயில்ல காயவெச்சேன். ஒரு பொட்டு மஞ்சள் இருக்கா, பாரு!" என்று பிரித்துக் காட்டினாள். பாவி மக்கா! அத்தனை நிறமியும் சாக்கடையோடு போயிருந்தது.

மேனேஜரும் விருந்தாளிகளும் உள்ளே வந்துவிட்டார்கள். "என்னய்யா இது?" என்றார் மேனேஜர்.

"அக்காதான் சார் கெடுத்துட்டாங்க. வெளுக்கக் கூடாதுன்னு நான் தெளிவா சொன்னேன்."

பச்சைப் பொய். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வாய்க்கு என்னைக் கிழித்துத் தொங்கவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால், "ஆமா சார், தம்பி சொல்லிச்சு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

வந்தவர்கள் நல்லவர்கள். அடுத்த மஞ்சள் கூடு வந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று கிளம்பினார்கள். "மறதிக்காரங்களை எல்லாம் அந்த ரூம்ல வைக்க முடியாதுப்பா" என்றார் மேனேஜர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த தடவை நிறமி நன்றாக வந்தது. அறையும் வந்தது. நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் தாங்க முடியாமல் மேனேஜரிடம் உண்மையைக் கொட்டிவிட்டேன். "இப்ப சொல்லி என்ன பண்றது? ஆள் போட்டாச்சே" என்றார்.

நேரே கழிவு வெளுக்கும் இடத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். கொதிக்கிற தொட்டியில் கழியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன்டா சொன்ன? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலைக்கா."

"அப்ப சரி" என்று மறுபடியும் கிளற ஆரம்பித்தாள்.