செடியில் தப்பில்லை

அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடும் கம்பெனியில் அவருக்கு வேலை. தண்ணீர் ஊற்றுவது, இலை துடைப்பது, வாடியதைத் தூக்கிவிட்டு நல்லதை வைப்பது. மாடி மாடியாக ஏறி இறங்கும் அவரை எல்லோரும் செடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வாடியதைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தேற்றுவார். அப்படித் தேறியவை கூடம், குளியலறை, சமையல் மேடை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டன. நாற்பது தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கு, வந்தவள் நிற்க அந்த வீட்டில் இடமில்லை என்பதுதான் காரணம் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்தார்கள்.

பிறகு ஒருவழியாக ஆயிற்று. மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள், முதல் கணவரை இழந்தவள். அவளோடு ஒரு மகள், மகளோடு ஒரு முயல். முயலின் பெயர் துரை. சாப்பாடு தாமதமானால் பின்னங்காலால் தரையில் ஓங்கி அடித்துவிட்டு முதுகைக் காட்டி உட்காரும் பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பது? துரை வராத வீட்டுக்குத் தானும் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவரிடம் அவள் நேராகப் பேசியது அது ஒன்றுதான்.

செடிக்காரர் வீட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். இருந்ததில் அநேகமாக எல்லாமே முயலுக்கு ஆகாதவை. மணி பிளான்ட் வாயைப் புண்ணாக்கும், டைஃபன்பேக்கியா நாக்கை வீங்கவைக்கும், லில்லியையும் கற்றாழையையும் நம்பவே முடியாது. அதுவும் முயலுக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். ஆசை ஆசையாக வளர்த்ததையெல்லாம் அலுவலக மாடிகளுக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். சுவர் முழுக்க ஓடியிருந்த மணி பிளான்ட் கொடியைப் பிரித்தபோது மட்டும் கண் கலங்கியது. ஒரு முயலுக்காக இவ்வளவா என்று கேட்காதீர்கள். முயலுக்காக இல்லை. மகள் தன்னை ஒரு மனிதனாக மதித்து இரண்டு வார்த்தை பேசமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

வீடு மொட்டையாகிவிட்டது. செடி இல்லாமல் அவரால் இருக்கவும் முடியவில்லை. துரைக்கு ஒத்துவரும் செடியைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். பெரணி நல்லது, ஆனால் அந்த வீட்டு வெயிலுக்குக் கருகிவிடும். அரேகா பனை நல்லது, வைக்க இடமில்லை. கடைசியில் ஸ்பைடர் பிளான்ட்டில் வந்து நின்றார். பச்சையும் வெள்ளையுமாக நீள நீளமான இலை, முயல் மேய்ந்தாலும் ஒன்றும் செய்யாது. நர்சரியில் திடமான ஒன்றைப் பொறுக்கி, தொட்டி மாற்றி, மகளின் ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார்.

"துரை கடிச்சா?" என்று கேட்டாள் மகள்.

"கடிக்கட்டும்மா. ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் துரைக்கு எட்டட்டும் என்று தொட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் மகள் அலறினாள். துரை மூலையில் சுருண்டு கிடந்தது. வாயிலிருந்து நீர் வழிந்து கழுத்து ரோமம் நனைந்திருந்தது, கால்கள் வெடவெடவென்று நடுங்கின. தொட்டியில் தூர் மட்டும்தான் மிச்சம். மனைவி தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். செடியில் தப்பில்லை, வாயுவாக இருக்கும் என்றார் செடிக்காரர். வயிற்றை நீவிவிட்டார், வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தார். செடி விஷயத்தில் தனக்குத் தப்பாது என்ற வீறாப்பில் நேரம் போய்க்கொண்டே இருந்தது. நடுக்கம் கூடிய பிறகுதான் வண்டி பிடித்தார்கள்.

என்ன சாப்பிட்டது என்று கால்நடை டாக்டர் அம்மா கேட்டதும் மகள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன். தினமும் ஒண்ணு ரெண்டு இலை குடுப்பேன். ஒண்ணும் ஆகாதுன்னு இவர் சொன்னாரு, அதான் நேத்து மொத்தமும் ஒடிச்சுக் குடுத்துட்டேன். நான்தானா டாக்டர்?"

ஸ்பைடர் பிளான்ட்டால் இப்படி ஆகாது, கண்மணி சுருங்கியிருப்பதைப் பார்த்தால் பூச்சி மருந்து மாதிரி இருக்கிறது, வீட்டில் ஏதாவது அடித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். துரை வந்ததிலிருந்து கொசுவத்திகூட ஏற்றுவதில்லை என்றாள் மனைவி.

அப்போதுதான் செடிக்காரருக்கு உறைத்தது. தொட்டி மாற்றினால் வேரடியில் ஒரு கரண்டி குருணை மருந்து. கம்பெனிச் செடி எதுவும் அது இல்லாமல் மாடி ஏறாது. யாரும் சொல்ல வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், கை பாட்டுக்குப் போட்டுவிடும். வேர் அதை உறிஞ்சி இலைக்கு ஏற்றும், இலையைக் கடிக்கும் பூச்சி சாகும். அதற்குத்தானே அந்த மருந்து. செடியை அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர், தான் போட்டதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

சொன்னால் அந்தப் பெண் ஜென்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் துரை செத்துப்போகும், தன் கையால் கொன்றுவிட்டதாக அவள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"குருணை மருந்து டாக்டர். மண்ணுல நான்தான் போட்டேன்" என்றவர் மருந்தின் பெயரையும் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ குடுத்ததால இல்லம்மா. நான் போட்டதால."

அவள் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். டாக்டர் அதற்குள் விஷமுறிவு ஊசியை எடுத்துவிட்டார், காலையிலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்று மட்டும் சொன்னார். ஊசி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. திரும்பப் போட்டார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த செடிக்காரர், தன் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டு துரையை விட்டுவிடு என்று யாரிடமென்று தெரியாமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நடுக்கம் குறைந்தது. துரை தலையை லேசாகத் தூக்கிற்று. இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை, ஒரு வாய் கொறித்தால்தான் நம்பிக்கை என்றார் டாக்டர். மகள் காய்ந்த புல்லை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் கை ஓய்ந்துபோய்விட்டது, அழக்கூடத் தெம்பில்லை. செடிக்காரர் பக்கத்தில் போய், தான் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவள் துரையை மார்போடு இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் கைகளைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகக்கண் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ."

சரிம்மா என்று திரும்பப் போனார். குழாயடியில் நின்று தோல் எரிய எரியத் தேய்த்தார். திரும்பி வருவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.