ஆவாரைக்குத் தண்ணீர் வேண்டாம்

எங்கள் கொல்லையில் ஆவாரை முளைத்த நாளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். முருகன் கோயில் மலையின் பின்பக்கச் சரிவில் பறித்த காய்ந்த காய்களை உடைத்து, இருபது விதைகளை வெந்நீரில் ஊறப்போட்டு ஊன்றினேன். ஏழு முளைத்தன. ஆறு கருகின. மிஞ்சிய ஒன்றுக்கு வேர் பிடிக்கும் வரை தண்ணீர் விட்டேன். அதன் பிறகு ஒரு சொட்டு விடவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை தெருமுனையில் லாரித் தண்ணீர். குடிக்க எத்தனை குடம், சமைக்க எத்தனை, குளிக்க எத்தனை என்று ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினேன். அந்தத் தாளில் துவைக்கிற கல்லோரம் இருந்த குண்டுமல்லி இல்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் என் மனைவி வைத்த செடி அது. திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து அவள் தம்பி ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்து வருவான். மலையேறும் முன் எங்கள் வாசலில் நிற்பான். அந்தச் செடியில் பறித்து தொடுத்த சரத்தை அவள் தன் கையால் காவடியில் கட்டிய பிறகுதான் படிக்குப் போவான்.

"பாத்திரம் கழுவுற தண்ணியாவது ஊத்தட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"அது கக்கூசுக்கு. எழுதி வெச்சிருக்கேனே."

"ஆங், எழுதி வெச்சிருக்கீங்க."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவாரையைக் காட்டி, "அதைப் பாரு, ஒரு சொட்டு கேக்குதா?" என்றேன்.

"அது காட்டுச் செடி. இது வீட்டுச் செடிங்க, கேக்கத்தான் செய்யும்."

வைகாசிக் கடைசியில் மல்லிகையின் தண்டை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

ஆடியில் ஆவாரை கிளை கிளையாக மஞ்சள் பூத்தது. கிருத்திகையன்று காலையில் நானே ஒரு முறம் நிறையப் பறித்து, வாழைநாரில் கட்டி, வாசலுக்கு வந்த மைத்துனனிடம் நீட்டினேன். அவன் காவடியைத் தோளில் வைத்தபடியே சிரித்தான்.

"இன்னா பாவா, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டு கழுத்துல போடுறத எடுத்தாந்து குடுக்கிறீங்க? முருகரு மயிலை வித்துட்டு மாடு வாங்கிட்டாரா?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு இந்தப் பூவில்தான் மாலை கட்டுகிறோம் என்பது எனக்குத் தெரியாததா? தண்ணீர் கேட்காமல் பூத்ததே என்பதுதான் மனதில் இருந்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் நாலு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். அதைத் தம்பியிடம் கொடுத்து, "நீயே கட்டிக்கோ" என்றாள். அதுவரை அவன் காவடியில் அவள்தான் கட்டுவாள். அவன் சிரிப்பு அப்போது நின்றது.

அவன் படியேறிப் போன பிறகும் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. போர்வெல்லில் தண்ணீர் ஏறியது. கனகம்மாசத்திரத்து நர்சரியிலிருந்து குண்டுமல்லிக் கன்று ஒன்று வாங்கி வந்து, அதே கல்லோரம் நட்டேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நோட்டுல எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கதவில் ஒட்டிய தாளை அன்றே கிழித்துப் போட்டேன். தினமும் காலையில் ஒரு குடம் நானே ஊற்றுகிறேன். கன்று தழைத்திருக்கிறது, அரும்பும் விட்டிருக்கிறது. போன ஆடிக் கிருத்திகைக்கும் அவள் முந்தின நாளே கடையில் பூ வாங்கி வைத்துவிட்டாள். செடியில் பூத்தவை அப்படியே உதிர்ந்தன. ஆவாரையை யாரும் கவனிப்பதில்லை, அது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.