வலது பக்கம் மூணு மில்லிமீட்டர்

கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் எல்லாருக்கும் ஒரே அளவுன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். திருத்தணியில ஒரு ஸ்கேன் சென்டர்ல பதிமூணு வருஷமா சி.டி. மிஷின் ஓட்டறவன் நான். ஆறடி ஆளுக்கு நாலு மில்லிமீட்டர் இருக்கும். நாத்து நட்டுட்டு வர்ற ஒல்லி அம்மாவுக்கு ஆறரை இருக்கும். ஒரே கிட்னிக்கு ரெண்டு குழாய் போறவங்களும் உண்டு. பாத்துப் பாத்து எனக்கு எதுவுமே பெரிசா தெரியாம போச்சு. அதான் வினை.

நாலு வருஷம் முன்னாடி, ஆடி மாசம். அக்கா வீட்டுக்காரர், எங்க பாவா, வயித்து வலின்னு பள்ளிப்பட்டுலேர்ந்து வந்தார். நாப்பதுகூட ஆகல, அதுக்குள்ள பிரஷர் மாத்திரை. கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டு விரதத்துல இருந்தார். மருந்து ஏத்திப் படம் எடுத்தேன். இடது குழாய் ஆறு மில்லிமீட்டர். வலது மூணு. அந்தப் பக்கத்துக் கிட்னியும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. குழாய் அடைச்சா கிட்னி இப்படித்தான் சுருங்கும், பிரஷரும் ஏறும்.

ரிப்போர்ட் எழுதற டாக்டர் சென்னையில இருந்தார். குடல், கல்லீரல்னு எழுதி அனுப்பிட்டார், குழாயைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ‘சார், வலது பக்கம் ஒரு தடவ பாருங்க’ன்னு நான் போன் போட்டிருக்கணும். ஊர்ல எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். ஆனா மாலை போட்ட ஆளுக்குக் கெட்ட சேதி சொல்றது எங்க குடும்பத்துல கிடையாது. சொன்னா மறுநாளே சென்னைக்கு ஓடணும், காவடி நின்னுடும். கிருத்திகை முடியட்டும்னு வாயை மூடிக்கினேன்.

காவடியோட மலைப்படி அத்தனையும் மூச்சு வாங்காம ஏறினார் மனுஷன். பால் சொம்பைத் தூக்கிக்கினு பின்னாடி இளைச்சது நான்தான். “இன்னாடா மச்சான், உக்காந்து உக்காந்து கெட்டுட்ட”ன்னு கேலி பண்ணார். இந்த ஆளுக்கா வியாதி, பிறவியிலயே சின்னக் குழாயா இருக்கும்னு நானே முடிவு கட்டினேன். நான் இன்னா டாக்டரா? நாளாக ஆக, இத்தினி நாள் சொல்லாததை எப்படிச் சொல்றதுன்னு பயம் புடிச்சிக்கிச்சி. விட்டுட்டேன்.

பிரஷர் ஏறி ஏறி ரெண்டு கிட்னியும் போச்சு. இப்ப வாரம் மூணு நாள் டயாலிசிஸ். முன்னாடியே தெரிஞ்சிருந்தா குழாயை விரிச்சு விட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னப்போ நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்.

போன வாரம் அக்கா தன் கிட்னியைக் குடுக்கறதுக்காக எங்க மேசையில வந்து படுத்தா. நாலு தடவ அளந்தேன். ரெண்டு பக்கமும் அஞ்சரை. எழுந்து வந்து தலையை முடிஞ்சுக்கினே கேட்டா.

“எனக்குச் சரியா இருக்குதாடா?”

“ஆங், நல்லா இருக்குதுக்கா.”

“நீ பாத்தா போதும். அன்னிக்கி அவருக்கும் நீதான பாத்த. அப்ப சுத்தமா இருந்தாரு. அப்புறம் எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ.”

நான் திரையைப் பாத்துகினு இருந்தேன். “ஆங்”ன்னு மட்டும் சொன்னேன்.