ஆம் போடாத கனகலிங்கம்

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில் இரவு எட்டு மணிக்கு யாரும் கனகலிங்கம் அண்ணை வீட்டு மணியை அடிப்பதில்லை. அடித்தாலும் கதவு திறக்காது. எட்டு மணிக்கு ஜேர்மன் டிவியில் செய்தி. அது முடியுமட்டும் அந்த வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்கக்கூடாது. முன்கூட்டியே போய் சோபாவில் இடம் பிடித்துவிட்டால் தேத்தண்ணி கிடைக்கும். நான் மேல்மாடிக்காரன், தனிக்கட்டை. உண்மையைச் சொன்னால் தேத்தண்ணிக்காகத்தான் போனேன்.

அண்ணைக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அகதியாக வந்த புதிதில், முகாமில் இருந்த ஒரேயொரு டிவிக்கு முன்னால் இருந்துதான் டொச் என்கிற ஜேர்மன் பாஷையைப் படித்தார். வேறு வாத்தியார் கிடையாது. செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பாஷை என்பதால் அது எப்போதும் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். பேக்கரியில் பாண் கேட்டாலும் நாட்டு மக்களுக்கு ஏதோ அறிவிக்கிற மாதிரி இருக்கும். கடைக்காரிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாணைச் சுற்றிக் கொடுப்பார்கள்.

அவருடைய மனைவி கமலநாயகி அக்காவுக்கு டொச் ஓடாது. அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலைக்கு அது பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. அதனால் அண்ணை செய்தியை வரிக்கு வரி அக்காவுக்குத் தமிழில் சொல்லுவார். அங்கேதான் அவருடைய விசேஷம். எங்கள் ஆட்கள் காதில் விழுந்த எதையும் ‘ஆம்’ ஒட்டாமல் சொல்லமாட்டார்கள். வந்தானாம், போனானாம், செத்தானாம். நான் காணவில்லை, யாரோ சொன்னார்கள், பழி என் தலையில் இல்லை என்று கை கழுவுகிற ஆம். எட்டு மணிச் செய்திக்கு அண்ணை அந்த ‘ஆம்’ போடவே மாட்டார்.

“பாலம் உடைஞ்சு இருபது பேர் செத்துப்போச்சினம்” என்பார்.

“நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ அண்ணை?” என்று நான் சீண்டுவேன்.

“டேய் ராசன், ஜேர்மன்காரன் பாத்துப்போட்டுத்தான் சொல்லுவான். ஆம் போட்டுக் கதைக்க இது என்ன சந்தைக் கதையோ?”

சந்தைக் கதை என்று அவர் சொன்னது சற்றலைட்டில் வந்த எங்கள் தமிழ் டிவியை. அதன் செய்திக்கு மட்டும் தாராளமாக ஆம் போடுவார். “அடிச்சுக் கலைச்சுப்போட்டினமாம்” என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்லுவார்.

ஈராக் சண்டை தொடங்கிய வருஷம், அந்த நாட்டில் நாசகார ஆயுதம் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஆம் போடாமல் அக்காவுக்குச் சொன்னார். பிறகு தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. “எங்கை அண்ணை அந்த ஆயுதம்?” என்று நானும் விடாமல் நச்சரித்தேன். “அது அமெரிக்காக்காரன்ரை பொய். அதுக்கு இவங்கள் என்ன செய்யிறது?” என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகும் ஆம் வரவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. அக்காவின் தங்கச்சி யோகம் இலங்கையில் வன்னிக்குள் இருந்தார். கலியாணம் செய்யவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். சண்டை இறுக இறுகச் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் கடைசியாகக் கிடைத்த தகவல். பிறகு போனும் நின்றுபோனது. அக்காவுக்கு இந்த உலகத்தில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். யோகம் உயிரோடு இருக்கிறாளா?

அதை யாரிடம் கேட்பது? தமிழ் டிவியில் வெற்றி என்றார்கள், பிறகு பின்வாங்கல் என்றார்கள், பிறகு பாட்டுப் போட்டார்கள். எட்டு மணிச் செய்தியில் வங்கிகள் விழுந்த கதை சொன்னார்கள், மிருகக்காட்சிச்சாலையில் பிறந்த குட்டியைக் காட்டினார்கள். டுசல்டோர்ஃப் நகரத்தில் எங்கள் சனம் சண்டையை நிறுத்தச் சொல்லி மழைக்குள் நின்று கத்திய அன்று, நாங்களும் கத்திவிட்டு வந்து ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் இருந்தோம். எங்களைப் பற்றி ஒரு வசனம் இல்லை. கடைசியில் காலநிலை வந்தது. மேற்கில் மழை என்றார்கள். “அதையாவது சரியாச் சொல்லுறாங்கள்” என்றேன்.  “எங்கடை செய்தியை நாளைக்குச் சொல்லுவாங்கள்” என்றார் அண்ணை.

நாள் போகப்போக அந்த வீட்டில் அழுகையும் நின்றுபோனது. அக்கா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார், எட்டு மணிக்கு வந்து இருந்தார். எனக்கும் உள்ளுக்குள் மரத்துப்போயிருந்தது. தெரிந்த யாராவது அங்கே செத்ததாகக் கேள்விப்பட்டால், சரி என்று கேட்டுவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்போம். மனிதர் இப்படியும் ஆகலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெட்கம் வரவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் எட்டு மணிச் செய்தியில் இலங்கை வந்தது. கடற்கரை, புகை, ஆமிக்காரர். வாசித்த பெண் இரண்டொரு வசனந்தான் சொன்னார். அண்ணை எழும்பி நின்றுவிட்டார்.

“சண்டை முடிஞ்சுது. ஆமி எல்லாச் சனத்தையும் பாதுகாப்பா வெளியிலை கொண்டுவந்திட்டுது.”

“எல்லாரையுமோ?” என்றார் அக்கா.

“ஓம். எல்லாரையும்தான்.”

அக்கா சாமிப்படத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றினார். பிறகு போனை எடுத்துப் பிராங்பேர்ட்டில் இருந்த சொந்தக்காரருக்கு, “யோகம் வெளியிலை வந்திட்டாள்” என்று சொன்னார். அக்காவும் ஆம் போடவில்லை. அடுப்படிக்குப் போய்த் தாச்சியில் ரவையை வறுக்கத் தொடங்கினார். வீடு முழுக்க நெய் மணந்தது.

அவர்களுடைய மகள் தேனுஜா இங்கேயே பிறந்தவள், தாதிப் படிப்புப் படிக்கிறாள். கதவு நிலையில் சாய்ந்து நின்று செய்தியைக் கேட்டவள், அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்குக் கிட்ட வந்தாள்.

“அப்பா, செய்தி வாசிச்சவ ‘ஹாபெ’ எண்டெல்லோ சொன்னவ. ‘ஹட்’ எண்டு சொல்லேல்லை.”

“ரண்டும் ஒண்டுதானே.”

“ஒண்டில்லை அப்பா. அவைக்கே நிச்சயமாத் தெரிஞ்சால் ‘ஹட்’ எண்டு சொல்லுவினம். கொண்டுவந்திட்டுது. ஆமி சொன்னதைத் திருப்பிச் சொல்லுறதெண்டால் ‘ஹாபெ’. கொண்டுவந்திட்டுதாம்.”

அண்ணை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து படித்த பாஷை. அதற்குள்ளும் ஓர் ஆம் இருந்திருக்கிறது. அவர்கள் அதைப் போட்டுத்தான் வாசித்திருக்கிறார்கள், அண்ணைதான் அதை உதிர்த்துவிட்டுத் தமிழில் சொல்லியிருக்கிறார். ஈராக் ஆயுதமும் அப்படி வந்ததுதானோ என்னவோ.

எனக்கு அண்ணையில் கோபம் வரவில்லை. செய்தியில்தான் வந்தது. அவர்கள் இலக்கணப் பிழை ஒன்றும் விடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை சனத்தின் உயிரையும் ஒரு சொல்லின் வாலில் தொங்கவிட்டுவிட்டு அடுத்த செய்தியாக உதைபந்தாட்டத்துக்குப் போக ஒரு மனம் வேண்டும். அங்கே போய்ப் பார்க்க எங்களை விடவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று உரத்துச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொன்னால் வாயா வெந்துவிடும்?

“அம்மாட்டைச் சொல்லட்டோ?” என்று கேட்டாள் தேனுஜா.

“வேண்டாம். இப்ப வேண்டாம்.”

அக்கா கேசரித் தட்டை நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் வாங்கிச் சாப்பிட்டோம். இனிப்பு நாக்கில் ஏறவில்லை.

அதற்குப் பிறகும் எட்டு மணிக்கு டிவி ஓடியது. அண்ணை தமிழில் சொல்லுவதை மட்டும் விட்டுவிட்டார். அக்காவும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டிய செய்தி வந்துவிட்டது, இனி யோகம் போன் எடுப்பதுதான் மிச்சம்.

கோடை முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. தப்பி வந்த சனத்தை அடைத்துவைத்திருந்த முள்ளுக்கம்பி முகாமிலிருந்து உருத்திரமூர்த்தி, யோகத்தின் பக்கத்து வீட்டுக்காரர். அக்கா அடுப்படியில் நின்றார். நான் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தபடியால் அந்தக் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“கனகலிங்கம், யோகம் செத்திட்டா. பங்கர் வாசலிலை ஷெல் விழுந்தது. என்ரை கையாலைதான் மண் போட்டனான்.”

கண்ணால் கண்ட மனுஷன் சொன்ன செய்தி. அண்ணை ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்குக் காத்திருந்து கேட்க ஆசைப்பட்டது இப்படி ஒரு செய்தியைத்தான்.

அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். “ஆரப்பா? யோகமோ?”

அண்ணை போனை வைத்தார்.  

“உருத்திரமூர்த்தி எடுத்தவர். யோகம்... செத்திட்டாவாம்.”

சந்தைக் கதைக்கென்று வைத்திருந்த ஆம் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துவாயில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

“ஆம் போட்டுத்தானே சொல்லுறீங்கள்” என்றார். “செய்தியிலை எல்லாரையும் கொண்டுவந்திட்டுது எண்டு ஆம் இல்லாமல் சொன்னவங்கள். நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“ஓம்” என்றார் அண்ணை.

அன்றைக்கு எட்டு மணிக்கு அக்காதான் டிவியைப் போட்டார். அண்ணைக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார்.

“சொல்லுங்கோ” என்றார் அக்கா. “முந்தி மாதிரி, ஆம் போடாமல் சொல்லுங்கோ.”