கடைசி லேபிளும் ஓர் உள்தள்ளலும்

நிரல் எழுதும் நிரல் ஒன்றைப் பராமரிப்பது என் வேலை. இதை உறவுக்காரர்களுக்கு விளக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் “கம்ப்யூட்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயசத்தைக் கவனிக்கிறேன். உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஓர் இயந்திரத்துக்கு வரும் கட்டளைகள் எந்த விதிப்படி அமைந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தால், அவற்றைப் படித்துப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரலை எங்கள் கருவி தானாக எழுதித் தரும். பார்சர் ஜெனரேட்டர் என்று பெயர். வாடிக்கையாளர் விருப்பப்படி நான்கு நிரல்மொழிகளில் எழுதித் தரும்.

அதில் மூளையைச் செலவழிக்க வேண்டிய பகுதிகளை யார் யாரோ எழுதினார்கள். என் பங்கு ஒரே ஒரு கோப்பு. வரியை எவ்வளவு உள்ளே தள்ளுவது, நீண்ட வரியை எங்கே மடிப்பது, பட்டியலில் எல்லாவற்றுக்கும் பின்னால் கமா போட்டுக் கடைசியில் மட்டும் போடாமல் விடுவது, இப்படியான சில்லறைக் காரியங்கள். நான்கு மொழிகளுக்கும் அந்தக் கோப்புதான் பொது. விருந்தில் இலை போடுகிறவன் மாதிரி. சமையலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நான் வந்தால்தான் பந்தி தொடங்கும். படித்த படிப்பெல்லாம் கமாவில் வந்து முட்டி நிற்கிறது என்று நானே சொல்லிச் சிரிப்பேன். பேட்டையில் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கீழே இரும்பைக் கடைகிற சத்தத்தில் அவர்களுக்குப் பாதி காதில் விழாது. இருந்தாலும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். நாற்பதைத் தொடும் வயது. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் இதே வேலை பார்த்தவர்; பிள்ளைகளுக்காக விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி படித்துத் திரும்பியிருந்தார். தினமும் சீவலப்பேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மாமனார் வீடு முழுக்க விவசாயம். ஆறு மாசம் போய்ப் பார்க்கட்டும், சரிப்படாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

“நிரந்தரம்னு ஒரு தாள் கைக்கு வந்துட்டுன்னா அப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க சார்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அந்தத் தாள் ஐப்பசிக் கடைசியில் வர வேண்டும். வராவிட்டால் இரண்டாவது வாய்ப்பை அவர் வீட்டில் யாரும் தரப் போவதில்லை. இது எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தே அவருக்குக் கெடுதல் செய்திருந்தால் வில்லனாகவாவது ஆகியிருப்பேன். அதற்கும் எனக்குக் கொடுப்பினை இல்லை.

என் கோப்பில் பழைய காலத்து உள்தள்ளல் குழப்பம் ஒன்று இருந்தது. சில வரிகள் டேப் விசையாலும் சில வரிகள் வெற்று இடங்களாலும் தள்ளப்பட்டிருந்தன. யாரும் புகார் செய்யவில்லை. என் கண்ணுக்கு மட்டும் உறுத்திற்று. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே சீராக்கினேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும், கருவி எழுதித் தரும் மாதிரிக் கோப்புகளை எல்லாம் மறுபடி எழுத வைத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பொதுக் கோப்பில் கைவைத்தால் எங்களிடம் இருந்த நானூறு மாதிரிகளும் மேலிருந்து கீழ்வரை சிவப்பும் பச்சையுமாக மாறிவிடும். அதனால் வழக்கத்துக்குள் இன்னொரு வழக்கம் வளர்ந்திருந்தது. மாற்றியவர் “வெறும் இடைவெளிதான்” என்பார். பார்ப்பவர் இடைவெளி வித்தியாசங்களை மறைக்கும் பொத்தானை அழுத்துவார். திரை காலியாகிவிடும். காலித் திரைக்கு ஒப்புதல் தந்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

மூன்று மொழிகளுக்கு இதில் ஆபத்து இல்லை. நான்காவது மொழியில் உள்தள்ளல்தான் பொருள். ஒரு வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை அது எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதே தீர்மானிக்கும். இதைக் கல்லூரிகளில் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் பொன்னாடை வாங்கி வந்தவன் நான்.

அன்று அந்தப் பெண்மணிதான் ஒப்புதல் தர வேண்டும்.

“சார், இதுல நாலாவது மொழியும் இருக்கே. மறைக்காம ஒரு தரம் முழுசாப் பாத்துரட்டுமா?”

“நானூறையுமா? எப்ப பாத்து எப்ப முடிக்க? உங்க பஸ்ஸு போயிருமே.”

“அடுத்த பஸ்ஸுல போறேன் சார். இல்லன்னா திங்கக்கிழமை பாக்கேன்.”

“அட, வெறும் இடைவெளிதான்ங்கேன். என் கோப்பு என்ன சமைக்கவா செய்யுது? இலைதான போடுது.”

சிரித்தார். பொத்தானை அழுத்தினார். ஒப்புதல் தந்தார்.

நானூறில் ஒன்றில், ஒரே ஒரு வரி நான்கு இடம் கூடுதலாக உள்ளே போயிருந்தது. பட்டியலில் படித்த உருப்படியை வெளியே அனுப்பும் வரி அது. அது “அடுத்து கமா வந்தால்” என்ற நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி உருப்படிக்குப் பின்னால் கமா வராது. ஆகவே கடைசி உருப்படி வெளியே வராது. பிழை என்று ஒரு முனகல்கூட எழாது. அதே நிரலை எங்கள் கருவியிடம் எழுதி வாங்கியவர்கள் ஏதோ ஒரு தூரதேசத்துக் கிடங்கில் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சடிக்கிறவர்கள். மூன்று நாள் ஒவ்வோர் ஆர்டரிலும் கடைசிப் பொட்டலத்துக்கு லேபிள் வரவில்லை. எங்கே போவது என்று தெரியாத பொட்டலங்கள் அங்கே ஒரு மூலையில் மலையாகக் குவிந்தன.

தவறுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்: ஒப்புதல் தந்தவர். எழுதுகிறவன் தப்பு செய்வது இயற்கை, அதைப் பிடிக்கத்தானே பார்க்கிறவர் இருக்கிறார் என்பது அவர்கள் தத்துவம்.

மேனேஜர் என் வயதுக்காரர். டவுனில் எனக்குப் பக்கத்துத் தெரு.

“அந்தம்மாவ நிரந்தரம் பண்ணுததுக்கு எழுதி வச்சிருந்தேன் வே. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அனுப்புவேன்?”

“தப்பு என்னுது. நான் எழுதித் தாரேன். அதையும் சேத்து அனுப்பும்.”

“எழுதும். அதான் உமக்கு வருமே.”

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஒரு காலை முழுக்க அதற்கே போயிற்று. என்னை நானே நன்றாகக் கிண்டலடித்து வாரியிருந்தேன். பொன்னாடையை அவிழ்த்துத் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதை மூன்று தடவை திருத்தினேன். அந்தப் பெண்மணிக்கும் ஒரு பிரதி போகட்டும் என்று சேர்த்து அனுப்பினேன். உள்ளூர ஒரு நிம்மதி. கொஞ்சம் பெருமை என்றும் சொல்லலாம்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

“மேல எல்லாரும் வாசிச்சாங்களாம். ஒரு பொம்பளையக் காப்பாத்த இம்புட்டு அழகா யாரு வே எழுதுவா? பெரிய மனசுன்னு சொன்னாங்க.”

“மனசாவது மண்ணாவது. நெசத்ததான் எழுதியிருக்கேன்.”

“அப்படித்தான் சொல்லுவீரு” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா அந்தத் தாளு வராது. வெள்ளிக்கிழமையோட முடிச்சிக்கிடச் சொல்லிட்டாங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். “கடுதாசிய வாசிச்சீங்களா?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

“வாசிச்சேன் சார். நல்லா இருந்துச்சு. ரெண்டு எடத்துல சிரிச்சுட்டேன்.” டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். “முழுசாப் பாக்கட்டுமான்னு கேட்டேம்லா சார். அது எங்கன இருக்கு?”

எங்கேயும் இல்லை. ஒன்றரைப் பக்கத்தில் என் அலட்சியம் இருந்தது, என் தொப்பை இருந்தது, என் மூக்குக்கண்ணாடிகூட இருந்தது. அவர் இரண்டு தடவை கேட்டதும் நான் இரண்டு தடவை தடுத்ததும் இல்லை. மறைக்க வேண்டும் என்று விடவில்லை. அதில் சிரிப்பு எதுவும் இல்லை, அதனால் எழுதும்போது அது என் கைக்கு வரவே இல்லை. என்னைப் பற்றி எழுதுவதில் நான் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறேன்.

“மறந்துட்டேன்” என்றேன்.

“சரி சார்” என்றார். கோபமாகவாவது சொல்லியிருக்கலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். மூன்று மணிகூட ஆகவில்லை.

என் இருக்கைக்குப் போய் இரண்டே வரி எழுதினேன். மாற்றம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று அவர் இருமுறை கேட்டார். வேண்டாம் என்று இருமுறையும் தடுத்தவன் நான். திருத்த அதில் ஒன்றுமில்லை. தலைமை அலுவலகத்துக்கும் மேனேஜருக்கும் அவருக்கும் சேர்த்து அனுப்பினேன்.

மேனேஜர் தன் அறையிலிருந்தே எட்டிப் பார்த்து, “இத மொதல்லயே எழுதியிருக்கக் கூடாதா வே?” என்றார். தலைமை அலுவலகத்திலிருந்து, இந்த விவகாரத்தின் கோப்பு மூடப்பட்டுவிட்டதாக ஒரு வரி வந்தது. அவருக்குப் போன மின்னஞ்சல் மட்டும் அடுத்த நிமிஷமே திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரி இந்த நிறுவனத்தில் இல்லையாம்.