செசிலி விட்டுக்கொடுக்காத ஆல்வேஸ்

கடியப்பட்டணம் கரையில் செசிலிக்குப் பட்டா நிலம் எதுவும் கிடையாது. ஆனாலும் பாறைகளுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் மணலை ஊரார் 'செசிலி காயப்போடுத எடம்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் நெத்திலி, சாளை மீன்களை அங்கேதான் கருவாடாக உலர்த்துகிறாள். கணவன் மரியஜான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். மகள் அபினா நாகர்கோவிலில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள்.

அந்த மணலில் கடலைப் பார்த்தபடி விடுதி கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. ஊருக்குப் பாதிப்பு உண்டா என்று விசாரிக்க, கையில் டேப்லட்டோடு வினோஜ் வந்தான். குழித்துறைக்காரன், நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவன்.

"இந்தக் கரைய எப்பமெல்லாம் பயன்படுத்துவிய அக்கா?"

"எப்பளும்."

"மழையில?"

"மழையில எப்பிடிடே கருவாடு காயும்?"

"ஞாயித்துக்கெழம?"

"கோயிலுக்குப் போவோம்."

"அப்பம் எப்பளும் இல்லல்லா. சம்டைம்ஸ்னு போடுகேன்."

அவன் விரலால் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான். அவன் போட்ட வார்த்தை செசிலிக்குப் புரியவில்லை. மாலையில் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மகளிடம் கேட்டாள்.

"ஏட்டி, சம்டைம்ஸ்னா என்னது?"

"சில நேரம். எப்பமாவது ஒருக்க."

செசிலிக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்பமாவது ஒருக்க வந்து மண்ணுல வெளையாடிட்டுப் போறேனாக்கும்? எப்பளும்னு சொல்ல அவனுவளுக்கு வார்த்தை இல்லியா?"

"உண்டும்மா. ஆல்வேஸ்." அபினா அதோடு விடவில்லை. வகுப்பில் படித்ததையும் சொன்னாள். ஆல் என்றால் முழுசு, வே என்றால் வழி. ரொம்பக் காலத்துக்கு முன்னால் இரண்டும் தனித்தனி வார்த்தைகள். 'வழி முழுக்க' என்று பாதையைக் குறித்துச் சொன்னதுதான், பிறகு காலத்துக்கும் ஆகி, 'எப்போதும்' என்று பொருள் மாறிப்போனது.

செசிலி அந்த 'வழி'யைப் பிடித்துக்கொண்டாள். "வழியில மூச்சு வாங்க ஒரு எடத்துல இருந்துட்டு எழும்பிப் போனாலும், அது முழு வழிதானட்டி?"

"பின்ன?" என்றாள் அபினா.

அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. அதிகாரி ஒருவர் வாசித்தார்: "மக்கள் இக்கரையைச் சில நேரங்களில் மட்டுமே பயன்படுத்துவதால் பாதிப்பு குறைவு."

செசிலி எழுந்துவிட்டாள். "நான் அப்பிடிச் சொல்லல்ல."

"உங்க முறை வரும்போது பேசுங்கம்மா."

"நான் சொல்லாதத நீங்க வாசிக்கப்பமே எனக்க முறை வந்தாச்சு." அவள் நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். எழுத்துகள் அவள் சேலையில் விழுந்து நெளிந்தன. "நான் சொன்னது ஆல்வேஸ். அத மாத்துங்க."

"வருஷத்துல பல மாசம் அந்த இடம் சும்மாதானே கிடக்கு?"

"பள்ளிக்கூடமும் லீவுக்கு அடச்சுக் கெடக்கு. இடிச்சு ஓட்டல் கெட்டுவியளா? எனக்க மாப்பிள்ள ரெண்டு வருசத்துக்கு ஒருக்கதான் வாறாரு. அதுக்காக நான் சில நேரம் மட்டும் பொண்டாட்டியா?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"மனுவா எழுதிக் குடுங்க. பரிசீலிப்போம்."

"எழுதினது நீங்க. திருத்த வேண்டியதும் நீங்கதான். இப்பம், எனக்க கண்ணு முன்னால."

பின்வரிசையிலிருந்து ஜாஸ்மி எழுந்தாள். அவளும் அதே கரையில் கருவாடு போடுகிறவள். "எனக்கும் சம்டைம்ஸ்னுதான் போட்டிருக்கு. எனக்கதையும் மாத்தணும்." ஒவ்வொருத்தியாக எழுந்து செசிலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை, பெண்கள்தான் தெரிந்தார்கள்.

அதிகாரி வினோஜிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பதில் சொன்னான். கடைசியில் கணக்கெடுப்பைப் புதிதாக நடத்த வேண்டும் என்று அறிவித்துக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். விடுதித் திட்டம் போய்விடவில்லை. அதைக் கைவிடும் எண்ணம் நிறுவனத்துக்கு இல்லை என்பது செசிலிக்கும் தெரியும்.

வாசலில் வினோஜ் அவளை நெருங்கினான். "எனக்க வேலை போயிரும் போலிருக்கு அக்கா."

செசிலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போனா வீட்டுக்கு வா மக்கா. சோறும் மீன்கறியும் தாறேன். ஆனா வேலை போகாம இருந்து, திரும்பவும் கேக்க வந்தா, நான் சொல்லுகதத்தான் போடணும். ஒரு எழுத்து மாறுச்சுன்னா கரைய விட்டு ஒன்னப் போக விடமாட்டேன்."

சொல்லிவிட்டு, பின்னால் வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.