ஊசி படாத மாலை

மகளின் கல்யாண மாலைகளுக்குச் சென்னையில் சொல்லிவிட்டேன் என்று சொன்னபோது என் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு மாலை, ஒவ்வொன்றும் நான்கு முழம், ரோஜாவும் சம்பங்கியும், இரண்டுக்கும் ஒரே அளவில் குஞ்சம் என்று விவரமாகச் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றைப் பற்றியும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. பூ விஷயத்தில் கேள்வி கேட்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

அதற்கு முந்தைய ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, இடக்கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றுவிட்டன. இந்தத் தீவில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில், எங்கள் வீட்டு வாசலில் மூன்று நந்தியாவட்டைச் செடிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் சாயங்காலம் மொட்டுகளைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, டிவி பார்த்தபடியே சாமி படத்துக்குச் சரம் கட்டிவிடுவாள். கண் டிவியில் இருக்கும், கை தன் வேலையைப் பார்க்கும். அந்தக் கை போன பிறகு அவள் பூவைத் தொடவில்லை. நான் பறித்துக் கிண்ணத்தில் வைத்தால் கிண்ணம் அப்படியே இருக்கும். காலையில் செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பூவை எண்ணிக்கொண்டே பெருக்குவேன். துறைமுக அலுவலகத்தில் சரக்கு இறங்குவதைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். கண்ணில் படுவதை எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கல்யாண வீட்டில் நான்கு பேர் முன்னால் அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றுதான் மாலையை வெளியில் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் விடிந்ததிலிருந்து மழை. மாலைப் பெட்டியோடு விமானத்தில் வந்துகொண்டிருக்க வேண்டிய என் மைத்துனர் மத்தியானம் போன் செய்தார்.

"அத்தான், நான் சென்னையிலதான் இருக்கேன்."

"பிளைட்ல ஏறலையா?"

"ஏறினேன், வந்தேன், உங்க ஊரை மேலேர்ந்து பார்த்தேன். சுத்தோ சுத்துன்னு சுத்திட்டு, மழையில இறங்க முடியலைன்னு திருப்பிட்டான். இனி நாளைக் காலைலதான்."

"எத்தனை சுத்து சுத்தினான்?"

"அத்தான், அதை எண்ணி இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

முகூர்த்தம் எட்டரை மணிக்கு. காலை விமானம் இறங்கவே பத்தாகிவிடும். நான் குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். அங்கே பூக்காரர்களும் என்னைப் போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெயின்லேண்ட் பூ அத்தனையும் அதே விமானத்தில்தான் வர வேண்டும். தீவிலேயே வண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த சாமந்தி இரண்டு கூடை இருந்தது. மழையில் ஊறி அழுகல் வாடை அடித்தது. பிளாஸ்டிக் மாலை வேண்டுமா என்று ஒரு கடைக்காரர் கேட்டார். குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவர் பேச்சில் தமிழும் இந்தியும் ஒரே தட்டில் கிடக்கும்.

"அண்ணா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. எங்க வீட்ல இட்லிப்பூ கொட்டிக் கிடக்கு. உங்க வீட்ல வெள்ளைப் பூ இருக்கு. ஊசில கோத்துட்டா ஹோ கயா, முடிஞ்சுது வேலை."

"கல்யாண மாலைக்கு ஊசி கூடாது" என்றாள் என் மனைவி.

அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. மற்ற எந்த மாலையையும் கோக்கலாம், கல்யாண மாலையை மட்டும் வாழை நாரில் முடிச்சுப் போட்டுத்தான் கட்ட வேண்டும். பூவின் மேல் ஊசி படக் கூடாது.

"அப்ப யாரு கட்டுறது அக்கா? நான் கட்டுவேன், ஆனா ஸ்லோ. ஒரு மாலைதான் ஆகும்."

"இன்னொண்ணு நான் கட்டுறேன்."

கையில் மருதாணியோடு உள்ளேயிருந்து வந்த மகள் சொன்னாள், "பிளாஸ்டிக்னாலும் எனக்கு ஓகேம்மா."

"உனக்கு ஓகே. போட்டோ என் வீட்டுச் செவுத்துலல்ல தொங்கப்போகுது."

பின்பக்கத்து வாழையிலிருந்து நாரைக் கிழித்துத் தண்ணீரில் போட்டேன். மழை விட்ட நேரம் பார்த்து நந்தியாவட்டை மொட்டுகளைப் பறித்தேன். அறுநூற்றுப் பதினெட்டு. சாயங்காலம் மொட்டாகக் கட்டினால் காலையில் மாலையிலேயே விரியும். இட்லிப்பூவும் துளசியும் அந்த அம்மாள் வீட்டிலிருந்து வந்தன.

மனைவி தரையில் உட்கார்ந்து நாரின் நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டாள். மூடிக் கிடந்த இடக்கை முட்டியால் மொட்டுகளைத் தொடையோடு அழுத்திப் பிடித்து, வலக்கையால் சுருக்கைப் போட்டாள். இழுத்ததும் மொட்டுகள் நழுவின. மறுபடியும் போட்டாள், மறுபடியும் நழுவின. மூன்றாவது முறை நழுவியதும் அந்தக் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்தால் இனி எப்போதும் உட்கார மாட்டாள் என்றும் தோன்றியது.

நான் போய் அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து என் வலக்கையை நீட்டினேன். எனக்கு வலக்கை, அவளுக்கு அதுதான் இடக்கை.

"ரெண்டு தலை இந்தப் பக்கம், ரெண்டு தலை அந்தப் பக்கம். காம்பு குறுக்கே விழணும். பெருவிரலால பிடிங்க. ஐயோ, நசுக்காதீங்க!"

மொட்டின் பால் விரலில் ஒட்டியது. நான் வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்லிக்கொண்டே வைத்தேன்.

"என்ன, கப்பல்லேர்ந்து மூட்டையா இறக்குறீங்க? வாயை மூடிட்டுப் பிடிங்க."

மூடிக்கொண்டேன். உடனே எல்லாம் குழம்பியது. நான் வைப்பதற்குள் சுருக்கு வந்தது. சுருக்கு வரும் முன் நான் விரலை எடுத்தேன். மொட்டுகள் மடியில் கொட்டின. அவள் பெருமூச்சு விட்டாள்.

"எண்ணுங்க."

"நீதானே வேண்டாம்னே?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க. சத்தமா."

எண்ணினேன். நான்கு என்றதும் அவள் சுருக்கு வந்து விழும், அதற்குள் என் பெருவிரல் விலகும். என் கையைப் பார்ப்பதை அவள் நிறுத்திவிட்டாள், சத்தத்தை மட்டும் கேட்டாள். பத்து முடிச்சுக்கு ஒரு முறை இட்லிப்பூக் கொத்து, அதற்கு இரு பக்கமும் துளசி. என் குரல் கம்மியது. நிறுத்தினால் முழங்கையால் இடித்தாள். நாற்பத்தைந்து வருடமாக இந்த எண்ணிக்கையைத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"அக்கா, அண்ணாவை விளக்கு வைக்கிற வரைக்கும் விடாதீங்க" என்றார் எதிரில் இன்னொரு மாலையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள்.

மனைவியின் இடக்கை நீளாததால் எங்கள் மாலையை என் கையால்தான் முழம் போட்டோம். நான்கு முழம் ஆனதும் அடியில் இரு நுனியையும் சேர்த்து இட்லிப்பூவில் குஞ்சம் வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு மாலையையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். எங்களுடையது ஒரு சாண் நீளமாக இருந்தது.

"நாலு முழம்னுதானே சொன்னேன்?" என்றேன்.

"நாலு முழம்தான் அண்ணா. என் கையில நாலு, உங்க கையில நாலு."

அந்த அம்மாள் என் தோளுக்குக்கூட வர மாட்டார். அவருடைய முழம் அவ்வளவுதான். நான் டேப்பைத் தேடினேன். என் மனைவி சிரித்தாள். "விடுங்க. மூணு தடவை மாத்தப்போறாங்க. யாரு மாலை எதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். அதுதான் என் கவலை. இரவுச் சாப்பாட்டின்போது விரலை மடக்கிப் பார்த்தேன். முதல் தடவை மாப்பிள்ளை கையில் இருக்கிற மாலைதான், மூன்று முறை மாற்றி முடித்ததும் பெண் கழுத்தில் நிற்கும். அவள் அம்மா கட்டிய மாலை அவள் கழுத்தில்தான் நிற்க வேண்டும். மறுநாள் காலை கோயில் மண்டபத்தில், யாரும் பார்க்காதபோது, எங்கள் மாலையை மாப்பிள்ளையின் தட்டுக்கு மாற்றி வைத்தேன். மொட்டெல்லாம் விரிந்து மாலை முந்தைய நாளைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பாராடாங் தீவில் இருக்கும் வங்காளிகள். மாலை மாற்றுவது அவர்களுக்கும் உண்டு, ஆனால் விளையாட்டும் கூச்சலும் அதிகம். பெண்ணுக்கு எட்டாதபடி மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் கணக்குப் போட்டபடியே எங்கள் மாலை மகள் கழுத்தில் வந்து நின்றது. மூச்சு விட்டேன்.

"ஔர் ஏக் பார்!" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார். இன்னொரு தடவையாம். மகளும் சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டாள்.

"நாலாவது எதுக்கு? மூணுதானே?" என்று எழுந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தட்டை மாத்தி வெச்சீங்கல்ல, பார்த்தேன். பேசாம உக்காருங்க. அவன் கழுத்துல இருந்தா என்ன? இத்தனை இழுபறியிலயும் மாலை நிக்குது பாருங்க."

கூட்டம் கலைந்ததும் மணமக்கள் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

"எத்தனை உதிர்ந்துச்சு?" என்றாள் மனைவி, நான் திரும்பி வந்ததும்.

"அஞ்சு. அஞ்சும் காம்பு நசுங்கினது."

"அப்ப எல்லாம் உங்க பெருவிரல் வேலை."

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மைத்துனர் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தார். சட்டை கசங்கி, கையில் பெட்டியோடு, "அத்தான், மாலை!" என்றார். அவருக்கு இலை போட்டோம். பெட்டியைச் சாயங்காலம் வீட்டில்தான் திறந்தோம். ரோஜா ஓரமெல்லாம் கறுத்திருந்தது, சம்பங்கி பழுத்துப்போயிருந்தது. நான் பெட்டியோடு குப்பைக்குக் கொண்டு போனேன்.

"இருங்க" என்றாள் மனைவி. "அதை இப்படிக் குடுங்க."

வலக்கையால் ஒரு மாலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முடிச்சுகளுக்கு நடுவே நகத்தால் நெருடி நாரைச் சுண்டினாள்.

"பூ போனா போகட்டும். நார் நல்ல நார். பிரிச்சுத் தண்ணில ஊறப் போடுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குச் சரம் வேணும்."

பிரித்தேன். நீளமான நார்கள் ஒன்பது தேறின.